கார் உள்ளே டேம்பிங் ஷீட் நாமே ஒட்டுவது: கடலூர், பாண்டி பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கடலூர்–பாண்டி ரோட்டில் தினமும் போய்வருகிறவர்கள், ஈசிஆர் பிடித்து அடிக்கடி சென்னைக்கு ஓடுகிறவர்கள், கார் உள்ளே இரைச்சல் தாங்கவில்லை என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் வந்து நிற்கிற கேள்விகள் இவை. அதிர்வை அடக்குகிற டேம்பிங் ஷீட்டைத் தகட்டில் ஒட்டுகிற இந்த வேலையை கார் டெக்கார் கடையில் கொடுத்தும் செய்யலாம். ஆனால் கதவும் டிக்கியும் மட்டும் என்றால் ஒரு சனி ஞாயிறில் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் அதுதான் திரும்ப வரும்: நம்ம ஊரில் உப்புக் காற்று உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழை உண்டு. அதனால் கதவுக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியே போகிறதா என்பதுதான் முதல் கவலை, சத்தம் எவ்வளவு குறைந்தது என்பது அதற்கு அடுத்தது.

ஷீட் ஒட்டினால் எந்தச் சத்தம் குறையும், எது குறையாது?

கார் கதவின் வெளித்தகடு ரொம்ப மெலிசு. நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று ஒலித்துக் கொஞ்ச நேரம் நிற்கும். ரோட்டின் அதிர்வு, ஸ்பீக்கரின் அதிர்வு, மழைத்துளி, எதுவாக இருந்தாலும் அந்தத் தகடு அதை வாங்கி உள்ளே திருப்பி விடுகிறது. டேம்பிங் ஷீட் என்பது ஒரு பக்கம் பிசின் மாதிரி ஒட்டுகிற பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகடு வளையும்போது நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வைச் சூடாக மாற்றிவிடும். ஒட்டின பிறகு அதே இடத்தில் தட்டினால் 'டப்' என்று அடங்கிவிடும்.

ஆக, இது அதிர்வைக் கொல்கிற பொருள். காற்றின் வழியாக வருகிற சத்தத்தை, அதாவது லாரி ஹாரன், பீடிங் (கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் பட்டை) இடுக்கில் நுழைகிற காற்றின் விசில், பக்கத்து பஸ்ஸின் இன்ஜின், இதையெல்லாம் ஷீட் பெரிதாகத் தடுக்காது. அதற்கு இடுக்குகளை அடைக்க வேண்டும், அல்லது கனமான வினைல் தடுப்பு போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கார் முழுக்க மூன்று அடுக்கு ஒட்டிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்படியென்றால் ஷீட் வாங்கும் முன்பு வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். டயரை முதலில் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கிற எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஆறேழு வருஷம் வெயிலில் நின்று இறுகிப் போன டயர் போடுகிற இரைச்சலை எந்த ஷீட்டாலும் மறைக்க முடியாது. காற்று அளவு கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிறபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகமாக அடைத்தாலும் சத்தம் கூடும்.

வேகம் ஏற ஏற 'ஊ' என்று ஒரு முனகல் வந்து, வளைவில் திரும்பும்போது அது கூடியோ குறைந்தோ மாறினால் வீல் பேரிங்காக இருக்கலாம். அது பாதுகாப்பு விஷயம். மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

அப்புறம் பீடிங். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். இறுக்கமாகப் பிடித்தால் சரி, எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் படுத்துவிட்டது. நாலு கதவையும் சுற்றிலும் இப்படிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே மட்டும் காற்றுச் சத்தம் அதிகம் என்கிறவர்களுக்குப் பல நேரம் புதுப் பீடிங்கே போதுமானதாக இருக்கும்.

பியூட்டைலா, தாரா? தார் ஷீட் விலை பாதிதானே இருக்கிறது?

தார் ஷீட்டை நம்ம வெயிலுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். மே மாதம் சில்வர் பீச் பக்கம் வெயிலில் கண்ணாடி ஏற்றிவிட்டு நிறுத்தின காரின் உள்ளே 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், மேல்தகடு அதற்கும் மேலே போகும். தார் அந்தச் சூட்டில் இளகி, நிமிர்ந்து நிற்கிற கதவுத் தகட்டிலிருந்து மெல்ல வழுக்கிக் கீழே இறங்கும், வண்டிக்குள் ரோடு போடுகிற வாசனை வரும்.

கம்பெனிகளே தரைத்தகட்டில் தார் பட்டைகளைச் சூட்டில் உருக்கிப் படுக்க வைத்திருப்பார்கள், அது வேறு. கிடைமட்டமாக இருப்பதால் வழுக்காது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

பியூட்டைல் என்று எழுதியிருக்கிறதெல்லாம் பியூட்டைல் இல்லை. வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள். தாளை உரித்துவிட்டு ரப்பரை இழுத்தால் பியூட்டைல் அறுந்துபோகாமல் நீண்டுகொண்டே வரும், தார் கலந்தது பிய்ந்துவிடும், முகர்ந்தாலே தெரியும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், பழைய தகரத் துண்டு ஒன்றில் ஒட்டி மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு. இரண்டு மூன்று நாள் உச்சி வெயில் பட்ட பிறகு ஷீட் கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அது கதவுக்கு ஆகாது.

மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற அலுமினிய டேப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே, அது போதாதா?

அது தண்ணீரை நிறுத்தச் செய்தது. பலதில் அலுமினியத் தாள் மெலிசு, ஒட்டும் படலமும் மெலிசு, நிறைய ரகங்களில் தார்தான். அதிர்வை அடக்குவதற்குத் தாள் விறைப்பாக இருக்க வேண்டும். 100 மைக்ரான் அளவுக்குத் தாள் இருக்கிற 2 மி.மீ. ஷீட் நல்லது. தெர்மாகோல், முட்டை அட்டை இரண்டையும் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம், தீப்பிடிக்கிற பொருளைக் காரின் உள்ளே அடைக்காதீர்கள்.

ஷீட்டோடு சேர்த்து வைக்க ஃபோம் எது வாங்குவது?

மூடிய கண் ஃபோம் மட்டும், அதாவது தண்ணீரை உறிஞ்சாத ரகம். கடையில் பெயர் சொல்லிக் கேட்பதைவிட வீட்டில் சோதிப்பது நல்லது: ஒரு துண்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, உள்ளே வைத்தே நாலைந்து தரம் பிசைந்து, வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது சாதாரண ஸ்பாஞ்ச். அதைக் கதவுக்குள் வைத்தால் மழைக்காலம் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்னும், நாற்றமும் வரும். டெக்கார் கடைகளில் 'சவுண்ட் ஃபோம்' என்று தருகிற கறுப்பு அலை அலையான பொருள் பலது இந்த ரகம். வீட்டு ஹால் சுவருக்கு அது சரி.

எவ்வளவு வாங்க வேண்டும்?

50-க்கு 80 செ.மீ. ஷீட் என்றால் 0.4 சதுர மீட்டர், சதுர அடியில் சுமார் 4.3. பாக்கெட் விலையைப் பார்க்காமல் சதுர அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து ஒப்பிடுங்கள், தடிமனையும் சேர்த்து. 2 மி.மீ. ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 1.2-லிருந்து 1.4 கிலோ வரும். 2 மி.மீ. என்று போட்டுவிட்டு கையில் எடுத்தால் முக்கால் கிலோதான் இருக்கிறது என்றால் ஏதோ குறைகிறது.

முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. அதிர்வு அடங்க தகட்டின் நடுப்பகுதியில் கால் பாகம், அதிகம் போனால் பாதி மூடினால் போதும். நூறு சதவீதம் மூடுவதில் கிடைக்கிற கூடுதல் பலன், ஆகிற செலவுக்கும் எடைக்கும் ஈடாகாது. ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் நாலு கதவுக்கு எட்டு ஷீட், டிக்கிக்கு மூன்று நாலு. மொத்தம் 15 கிலோ சுமார், மைலேஜில் தெரியாது.

எந்த மாதத்தில் செய்வது?

தை மாதத்திலிருந்து ஆடி வரை எப்போது வேண்டுமானாலும். குளிர் நாடுகளில் ஹீட் கன் வைத்துச் சூடாக்கி ஒட்டச் சொல்வார்கள், நமக்கு அது தேவையே இல்லை, வெயில் போதும். சொல்லப்போனால் வெயில்தான் தொந்தரவு. மத்தியான வெயிலில் நின்ற தகட்டில் ஷீட் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. காலை ஏழிலிருந்து பத்து மணி, நிழலில் நிறுத்தின வண்டி. ஷீட்டை ஏசி ரூமில் கொஞ்ச நேரம் வைத்தால் விறைத்துக்கொள்ளும், கட்டரில் சுத்தமாக வெட்டலாம்.

அக்டோபர் பாதிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். கதவைப் பிரித்துப் போட்ட நேரத்தில் மழை பிடித்தால் சங்கடம், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் நின்று ஒட்டும் பிடியைக் கெடுக்கும்.

கதவு வேலையை வரிசையாகச் சொல்ல முடியுமா? கிளிப் உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

கிளிப் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும், அதற்குப் பயப்படாதீர்கள். உங்கள் வண்டிக்கான கிளிப் பத்துப் பன்னிரண்டு முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பேர் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும்.

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். டோர் பேடில் (கதவின் உள்பக்க மூடியில்) ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும்: திறக்கிற கைப்பிடிக் குழிக்குப் பின்னால் ஒன்று, இழுத்துச் சாத்துகிற பிடியில் மூடிக்குக் கீழே ஒன்றோ இரண்டோ, கீழ் ஓரத்தில் ஒன்று. கண்ணாடி மூலையில் இருக்கிற முக்கோண மூடியையும் எடுக்க வேண்டியிருக்கலாம். எல்லா ஸ்க்ரூவும் வந்துவிட்டதா என்று உறுதி செய்தபிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் மூலையில் நுழைத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும், நம்ம ஊரில் பெயிண்ட் போன இடம் ஒரு மழைக்காலத்தில் துரு. பேட் வந்ததும் அப்படியே இழுக்காதீர்கள், பின்னால் விண்டோ சுவிட்ச் ஒயரும் லாக் கேபிளும் மாட்டியிருக்கும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். பல பேர் இதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது எல்லா காரிலும் இயல்பு. அது உள்ளே உங்கள் காலடிக்கு வராமல் தடுப்பதே அந்தப் பிளாஸ்டிக்தான். பசையைக் கட்டரால் மெல்ல அறுத்துக்கொண்டே உரித்து, தூசி படாமல் மடித்து வையுங்கள். கையில் பட்ட கறுப்புப் பசையை அதே பசை உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும்.

இப்போது பெரிய ஓட்டைகள் வழியாகக் கையை விட்டால் வெளித்தகட்டைத் தொடலாம். காய்ந்த துணியால் மண்ணைத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு தரம், துணியில் கறுப்பு வருவது நிற்கிற வரைக்கும். ஷீட்டை ஓட்டைக்குள் போகிற அளவுத் துண்டுகளாக வெட்டி ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்துங்கள். தாளில் இருக்கிற புள்ளி புள்ளியான அச்சு தட்டையாகிற வரை உருட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். சரியாக உருட்டாத ஷீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று நின்று, அதில் ஈரம் சேர்ந்து, வெளியே தெரியாமல் துரு பிடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தாளின் ஓரம் கையைப் பிளேடு போல் அறுக்கும்.

கதவின் அடி ஓரத்தில், தரையைப் பார்த்த மாதிரி, இரண்டோ மூன்றோ நீளமான துளைகள் இருக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேறுகிற வழி அது. அதற்கு மேலே நாலு விரல் அளவு எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டும் முன்பு ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றிப் பாருங்கள், கீழே சொட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் ஒருமுறை ஊற்றிப் பாருங்கள்.

கடைசியாக, பேடை மாட்டுவதற்கு முன்பு பேட்டரியையும் விண்டோ சுவிட்சையும் தற்காலிகமாக இணைத்து, கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். எங்காவது உரசினால் அங்கே இருக்கிற துண்டை எடுத்துவிட வேண்டியதுதான்.

உள்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளையும் ஷீட்டாலேயே மூடிவிடலாமா? பாட்டுச் சத்தம் நன்றாக இருக்கும் என்கிறார்களே.

ஸ்பீக்கரின் பேஸ் கூடும் என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு விண்டோ மோட்டாரோ லாக்கோ போனால் மெக்கானிக் அதை அறுத்துத்தான் கையை விட வேண்டும், அந்தப் பிசின் ஒயரெல்லாம் அப்பிக்கொள்ளும். இன்னொரு காரணம் பெரியது: சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர்கிற பிரஷர் சென்சார் கதவுக்குள்தான் இருக்கும். மோதலில் கதவுக்குள் காற்றழுத்தம் ஏறுவதை வைத்து அது வேலை செய்கிறது. கதவின் மூடுதலை மாற்றினால் அதன் கணக்கு மாறலாம். அசல் பிளாஸ்டிக்கை அதே இடத்தில் புதுப் பசையோடு திரும்ப ஒட்டுவதே சரி. உள்தகட்டில் ஓட்டையில்லாத இடங்களில் நாலு துண்டு, டோர் பேடின் பின்பக்கம் கடகடக்கிற இடங்களில் மெல்லிய ஃபோம், இது போதும்.

துரு இருந்தால்?

துருவின் மேல் ஒட்டக்கூடாது. தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம், பாண்டி பீச் ரோடு பக்கம் நிற்கிற வண்டிகளில் கதவின் அடிமடிப்பில் துரு இருக்க வாய்ப்பு அதிகம், டார்ச் அடித்துப் பாருங்கள். சுரண்டி, துரு மாற்றி (ரஸ்ட் கன்வர்ட்டர்) தடவி, பிரைமர் அடித்து, முழுசாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம். கேவிட்டி வேக்ஸ் (துரு பிடிக்காமல் தகட்டின் உள்பக்கம் அடிக்கிற மெழுகு) அடிக்க நினைப்பவர்கள் முதலில் ஷீட்டை ஒட்டி முடித்துவிட்டு மிச்ச இடங்களிலும் மடிப்புகளிலும் அடியுங்கள். வேக்ஸ் பட்ட தகட்டில் ஷீட் நிற்காது.

டிக்கியில் எங்கே ஒட்டுவது?

ஹேட்ச்பேக் வண்டிகளில் பின்டயர் இரைச்சல் நேராக உள்ளே வருவது வீல் ஆர்ச் (டயருக்கு மேலே வளைந்திருக்கிற தகடு) வழியாகத்தான். அதனால் கதவுக்கு அடுத்து இதுதான் பலன் தருகிற இடம், ஸ்டெப்னி குழியும் அப்படியே. ஒன்றைக் கவனியுங்கள்: பின்பக்கவாட்டுத் தகட்டில், பம்பருக்குப் பின்னால், மெல்லிய ரப்பர் மடல்கள் வைத்த ஒரு ஜன்னல் இருக்கும். ஏசி காற்று வெளியேறுவதற்கு வைத்தது. அதை மூடினால் கதவு சாத்தக் கஷ்டமாகும், ஏசி காற்றும் சரியாக வராது.

தரைக்கும் செய்யலாமா?

நம்ம பகுதிக்கு இதை நான் கடைசியில் வைப்பேன். காரணம் தண்ணீர். 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலிலும், அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் வேண்டாம், ஒரு நல்ல மழை போதும், இந்திரா காந்தி சதுக்கமும் ரெயின்போ நகரும் குளமாக. கார்பெட்டுக்குக் கீழே அடுக்கடுக்காகப் போட்டுவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் காய வழியில்லை. தெரு உயரமாக இருக்கிறவர்கள், கவர்டு பார்க்கிங் இருக்கிறவர்கள் செய்யலாம்.

செய்வதென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும், அதில்தான் ஜாக்கிரதை. பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் பொறுத்த பிறகே சீட்டுக்கு அடியில் இருக்கிற கனெக்டர்களைத் தொடுங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்குப் போவது. அதைப் பிரித்த நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், பிறகு ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க முடியும். எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சீட் போல்ட்டையும் பெல்ட் போல்ட்டையும் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ரூஃப்?

தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி மழைச் சத்தம் கேட்கிற வண்டிகளில் ரூஃபில் நாலைந்து துண்டு ஒட்டினால் மாற்றம் உடனே தெரியும். மேலே மூடிய கண் ஃபோம் வைத்தால் வெயிலின் தாக்கமும் கொஞ்சம் குறையும். ஆனால் ரூஃப் லைனிங்கை மடங்காமல் இறக்க இரண்டு பேர் வேண்டும், கர்ட்டன் ஏர்பேக் (ஜன்னல் மேலிருந்து திரை போல விரிகிற ஏர்பேக்) இருக்கிற வண்டியில் ஓரங்களில் எதுவும் ஒட்டக்கூடாது. இதைப் பழக்கப்பட்டவரிடம் கொடுப்பது நல்லது.

பானட்டுக்கு அடியில்?

சாதாரண ஃபோம் ஒட்டவே கூடாது, தீ அபாயம். இன்ஜின் சூட்டுக்கென்றே செய்த பொருள் கிடைத்தால் மட்டும்.

போனில் டெசிபெல் ஆப் வைத்து அளந்தேன், மூன்றுதான் குறைந்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. காது வித்தியாசத்தைத் தெளிவாக உணர ஆரம்பிப்பதே மூன்று டெசிபெல் அளவில்தான், சத்தம் பாதியாகிவிட்டது என்று தோன்ற பத்து குறைய வேண்டும், அதை வீட்டு வேலையில் எதிர்பார்க்க முடியாது. கதவு சாத்துகிற சத்தம் மாறுவது, கடகடப்பு போவது, பாட்டின் வால்யூமைக் குறைத்து வைக்க முடிவது, இதெல்லாம் மீட்டரில் பெரிதாகத் தெரியாது, ஓட்டும்போது தெரியும். அளக்கிறவர்கள் ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் அதே ரோடு, அதே வேகம், அதே டயர் காற்று, ஏசி ஃபேன் ஒன்றில், போன் அதே இடத்தில் என்று வைத்து அளக்க வேண்டும். புது நாலுவழிச் சாலையில் ஒரு தரம், முருங்கப்பாக்கம் நெரிசலில் ஒரு தரம் அளந்து ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

பின்னால் வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒட்டியதைப் போல நாலு மடங்கு வேலை. ஹேர் டிரையரால் சூடாக்கிப் பிளாஸ்டிக் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும், மிச்சப் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். இதைவிட முக்கியம், எங்காவது இடித்துக் கதவு நசுங்கி டிங்கரிங் பட்டறைக்குப் போனால், உள்ளே ஷீட் ஒட்டியிருக்கிறது என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். தெரியாமல் வெல்டிங் வைத்தால் பின்பக்கம் ரப்பர் எரிந்து புகையும், தீயே பிடிக்கலாம். வெல்டிங் படுகிற இடத்தைச் சுற்றி ஷீட்டை எடுத்துவிட்டுத்தான் அவர்கள் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.